சிந்தாமல் நிரப்பிய தொட்டி

என் பழைய குறிப்பேடு ஒன்றில், 1998 ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கீழ், இரண்டு குறிப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

"காலை 6.10. மீன்கள் எல்லாம் முத்து அணிந்திருக்கின்றன. மிக அழகு."

"காலை 7.05. மேலே 'அழகு' என்று எழுதியது தவறு."

மீன்தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவே நடந்ததையும், அதன்பின் இரண்டு மணி நேரம் நடந்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். எந்த வடிகட்டி நல்லது, எந்த மருந்து எத்தனை சொட்டு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கைபேசி சொல்லிவிடும். சுற்றி நிற்கும் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்ல, உள்ளே மீன் தலைகீழாக நிற்க, உங்களுக்கு மட்டும் ஒன்றுமே புரியாத அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கைபேசி சொல்லாது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்த வேலையை விட்டுவிட்டு, கோவில்பட்டியில் மீன்தொட்டி வைத்துக் கொடுத்துப் பராமரிக்கும் வேலையைத் தொடங்கியிருந்தேன். பல் டாக்டர் வீடு, ஒரு லாட்ஜ், இரண்டு நகைக்கடை என்று நாலைந்து இடங்கள். என் பெருமையெல்லாம் சுத்தத்தில்தான். நான் வேலை செய்துவிட்டுப் போன இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் கிடக்காது. பல் டாக்டரின் மனைவி, "இவர் வந்துட்டுப் போனதே தெரியல, தரை அப்படியே காய்ஞ்சு கெடக்கு" என்று நாலு பேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டு, அதைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். சிந்தாமல் ஊற்றுவது என்னை அந்த அளவுக்கு மயக்கி வைத்திருந்தது.

அந்த வருஷம்தான் மெயின் ரோட்டில் ஓர் அண்ணாச்சி ஜவுளிக்கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கீழே சேலை, மேலே மாடித்தட்டில் பாவாடை தாவணி, நுழைந்ததும் எதிரே ஆறடி நீளத் தொட்டி. தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் திறந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம்.

தொட்டிக்குச் சின்னச் சின்னக் கோல்டு பிஷ் இருபத்திரண்டு கொண்டுவந்து காட்டினேன். அண்ணாச்சி மூக்கைச் சுளித்தார்.

"என்னவே, ஆறடித் தொட்டிக்குள்ள மொளகா வத்தலைத் தூவுன மாதிரி இருக்கு. பெருசா ஒண்ணு வேண்டாமா? எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு, பாத்தியளா?"

வீட்டில் கிடந்தது செவத்தா. அண்ணாச்சியின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தொட்டியில் ஆறு வருஷமாக வளர்த்த கோல்டு பிஷ். உள்ளங்கையை நிறைக்கும் அளவு. நல்ல சிவப்பு. செவுள் மூடி மேல் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. அக்கா தொட்டி ஓரத்தில் நின்று கண்ணாடி வளையலைக் குலுக்கினால் அடியிலிருந்து மேலே வந்து வாயைத் திறக்கும். பிள்ளை இல்லாத வீடு. அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை.

"கறி வைக்கவும் ஆகாது, கருவாடு போடவும் ஆகாது. இதைக் கட்டிக்கிட்டு அழுதா" என்று அண்ணாச்சி சொல்வார். அன்றைக்கு அதே வாயால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்குத்தான் கேக்குதேன். திறப்பு முடிஞ்சதும் சாயங்காலமே வந்துரும்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்களை நம்பித்தான் குடுக்குதேன். போன மாதிரியே திரும்பி வரணும். அதுக்கு ஏதும் ஆச்சுன்னா, அவிய கடையில நான் வெளக்கேத்த மாட்டேன். அந்தப் படியையே மிதிக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

விளக்கேற்ற வேண்டியது அக்காதான். பத்திரிகையிலேயே அவர் பெயர் அச்சாகியிருந்தது. அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் தொட்டியை நிரப்பினேன். புதுத் தண்ணீரை இரண்டு நாள் சும்மா நிற்கவிட்டு அதன்பிறகே மீனை விடுவது என் வழக்கம். தொட்டிக்கு மேடை செய்த ஆசாரி மூன்று நாள் தாமதமாக வந்ததால் அந்த வழக்கம் போயிற்று. தண்ணீர், கடைக்குப் பின்னால் புதிதாகப் போட்ட ஆழ்துளைப் போரிலிருந்து. நம் கரிசல் பக்கத்துப் போர்கள் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆழத்தில் கொஞ்சம்போலத்தான் ஊறும். மோட்டாரை உள்ளே இறக்கினால் இழுக்கத் தண்ணீர் இல்லாமல் கருகிப்போகும். ஆகவே மேலே கம்ப்ரசரை வைத்து ஆழத்துக்குக் காற்றை அடிப்பார்கள். காற்று திரும்பி வரும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வரும். புஸ்புஸ்ஸென்று பால் போல வெள்ளையாக விழும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசான உப்பு, பரவாயில்லை. ஒரு குவளையில் தனியாக எடுத்துச் சோப்புப் போட்டுப் பார்த்தேன். நுரைத்தது. திருப்தி.

அதன்பிறகுதான் என் கைத்திறமையைக் காட்டினேன். புதுத் தரை, புது மெத்தை, அலமாரியில் பட்டு. சொட்டுத் தெறிக்கக் கூடாது. ஆகவே கம்ப்ரசர் குழாயின் வாயைக் கொல்லையில் இருந்த டிரம்மின் அடிவரை இறக்கினேன். டிரம்மிலிருந்து ரப்பர் குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தொட்டியின் அடியில் கல்லோடு கல்லாக வைத்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வந்ததே தெரியவில்லை. ஒரு அலை இல்லை, ஒரு சத்தம் இல்லை. தொட்டி தானாகவே ஊறியது போல நிறைந்தது.

வாட்ச்மேன் சுடலை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு வெளிய விழலியே அண்ணே! ஆபரேசன் பண்ணுத மாதிரில்லா பண்ணுதீங்க" என்றார்.

அதையும் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் மீன்களை விட்டேன். கடைசியாகச் செவத்தாவை விட்டேன். விடும்போது, வெள்ளைப் புள்ளி வலப்பக்கம் என்று குறித்துக்கொண்டேன். தொட்டிக்குள் குமிழி விடும் காற்று மெஷினை ஓடவிட்டு, இரவு முழுக்க ஓடட்டும் என்று சுடலையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கடைக்குள் நுழைந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு மீனின் மேலும் குட்டிக் குட்டிக் குமிழிகள். செதில் செதிலாக, துடுப்பு விளிம்பு முழுக்க, கோத்து வைத்தது போல. விளக்கைப் போட்டதும் இருபத்து மூன்று மீன்களும் மின்னின. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பனி பூத்தது போலக் குமிழி. செவத்தா கல்யாணப் பெண் மாதிரி நடுவில் நின்றாள்.

அண்ணாச்சி புது வேட்டி சரசரக்க வந்தார். பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏ, மகாலச்சுமியே முத்துமாலை போட்டு வந்து நிக்குதால்லா!"

சேலைப் பிரிவுக்குத் தலைவியாகச் சேர்ந்திருந்த பொன்னுத்தாய் மாடித்தட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, எல்லாரும் கீழ எறங்குங்கட்டி! மீனு நம்மளவிட ஜோரா ஜோடிச்சுட்டு வந்திருக்கு!"

விற்பனைப் பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். அண்ணாச்சி போனை எடுத்து நாலு பேரை எழுப்பினார். "ஒம்பதே காலுக்கு வராதிய, இப்பமே வாங்க. வந்து பாருங்க. பெறகு ஏன் சொல்லலைன்னு கேக்கக் கூடாது."

"இது எதனால வே?" என்று என்னைக் கேட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குக் காரணம் தெரியாது. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினைந்து பேர் என்னை விஞ்ஞானியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணீரில் பிராணவாயு நிறைந்திருக்கிறது. மீன்கள் மிகவும் ஆரோக்கியமாக இருப்பதன் அடையாளம்" என்றேன். இலக்கணத் தமிழில் சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்கு இலக்கணம் வந்துவிடும்.

நாற்பது நிமிடம் மீன்களைப் பார்த்தோம். ஏழு மணிக்குப் பொன்னுத்தாய்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணே, இந்தப் பெரிய மீனு ஏன் சிரசாசனம் போடுது?"

செவத்தாவின் வால் மேலே இருந்தது, மூக்கு கீழே. நிமிர முயன்றாள். முடியவில்லை. ஏதோ ஒன்று வாலைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. மூலையில் ஒரு சின்ன மீன் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது.

ஜவுளிக்கடைகளில் துணியின் இழையை எண்ணிப் பார்க்க மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்கள். அதை வாங்கித் தொட்டியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். செவத்தா ஓரமாக வந்தபோது அவள் வால் துடுப்பு தெரிந்தது. முத்துகள் துடுப்பின் மேல் இல்லை. உள்ளே இருந்தன. தோலுக்கு அடியில், ரத்தம் ஓடுகிற இடத்தில், மணி மணியாகக் காற்று. ஒரு கண் லேசாக வெளியே தள்ளியிருந்தது.

குறிப்பேட்டை எடுத்து இரண்டாவது குறிப்பை எழுதினேன். 7.05.

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தது. அக்கா ஒன்பது மணிக்கு வருவார்.

"சீக்குப் பிடிச்சிருக்கு" என்று நான் சொன்னதும் கடை முழுக்க டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். மஞ்சள் போடு என்றார் ஒருவர். கல் உப்பு என்றார் இன்னொருவர். வேப்பிலை ஒடிக்க ஒருவர் வெளியே ஓடியே விட்டார். சுடலை மட்டும் தெளிவாக இருந்தார்.

"நான் அப்பமே நெனைச்சேன். அந்தக் காத்து மெசினுதான் இம்புட்டுக்கும் காரணம். நல்லவேளை, நான் ராத்திரியே அமத்திப்புட்டேன்."

"அமத்திட்டீங்களா?"

"கொடகொடன்னு சத்தம். மீனும் தூங்கணும்லா?"

அண்ணாச்சியின் முகம் வேட்டி நிறத்துக்கு மாறியிருந்தது. "பேச்சு வேண்டாம். தண்ணியைப் பூரா மாத்துங்க. ஏலே, கம்ப்ரசரைப் போடுலே! புதுத் தண்ணி விடுவோம்."

யாரோ கொல்லைக்கு ஓடினார்கள். கம்ப்ரசர் உறுமியது. புதுத் தண்ணீர் டிரம்முக்குள் புஸ்புஸ்ஸென்று ஏறும் சத்தம் கேட்டது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது: நேற்றும் இதே தண்ணீர்தான். நேற்று நல்லாயிருந்த மீனுக்கு இடையில் வந்தது இந்தத் தண்ணீர் மட்டும்தான்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் கத்தியது அன்றுதான் முதல் தடவை. "ஒரு சொட்டு உள்ள விடாதீங்க. அஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் போடாதீங்க. என்னை யோசிக்க விடுங்க."

எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. அமைதியை வாங்கிவிட்டேன், அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் டீ வந்தது.

எதிர்க்கடை டீ மாஸ்டர். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். என் வயதுதான் இருக்கும். கம்பி வளையத்தில் எட்டு கிளாஸைக் கோத்துக் கொண்டுவந்தவர், தொட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இது பொறத்தால உள்ள கம்ப்ரசர் தண்ணிதான?"

"ஆமா."

"திங்கக்கெழமையில இருந்து நானும் அதைத்தான் புடிக்கேன். பொல்லாத தண்ணிங்க அது. காத்துப் புடிச்ச தண்ணி. பாக்கத்தான் தெளிஞ்ச மாதிரி இருக்கும். பாய்லர்ல ஊத்துனா சூடு ஏறும் முன்னாலயே சுத்திச் சுத்திக் குமிழியா ஒட்டிக்கிட்டு நிக்கும், இந்தா, இதே மாதிரி." கண்ணாடியைச் சுண்டினார். "நான் நல்லா நாலு ஆத்து ஆத்தித்தான் பாய்லர்ல ஊத்துவேன். நீங்க ஆத்துனீங்களா?"

"ஆத்தவா?"

"எப்படி ஊத்துனீங்க?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "டிரம்முக்கு அடியில குழாய், தொட்டிக்கு அடியில குழாய். ஒரு சொட்டு தெறிக்கல."

மாஸ்டர் சிரித்தார். கம்பி வளையத்தில் எட்டு கிளாஸும் சேர்ந்து குலுங்கின.

"அப்பம் உள்ள போன காத்து எங்கன வெளிய வரும்? பாவம், மீனுக்குள்ள போய் ஒக்காந்துட்டு."

சோடா பாட்டில் ஞாபகம் வந்தது. கோலி அடைத்திருக்கும் வரை சோடா தெளிந்த தண்ணீர்தான். கோலியைத் தட்டினால்தான் அத்தனை காற்றும் கிளம்பும். ஆழத்தில் அழுத்திக் கரைத்த காற்றை, ஒரு அசைவும் இல்லாமல், பூப்போல எடுத்துவந்து மீனைச் சுற்றி அடைத்து வைத்துவிட்டேன். அது மெல்ல மெல்ல மீனின் ரத்தத்துக்குள் கோலியைத் தட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நாலு இடத்தில் மோதித் தெறித்து விழுந்திருந்தால் இத்தனை வந்திருக்காது. என் சுத்தம்தான் சீக்கு.

முதலில் சுடலை அணைத்த காற்று மெஷினை முழு வேகத்தில் போட்டேன்.

"ஐயோ, குமிழி இருக்குதுன்னு சொல்லுதோம், இன்னும் குமிழி விடுதாரே!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"இது பெரிய குமிழி அண்ணாச்சி. தண்ணியைக் கலக்கி, கரைஞ்சு கெடக்குத காத்தை மேல கொண்டுபோயிரும். இப்பம் தண்ணியை ஆத்தணும். எல்லாரும் வாங்க."

"எதுல ஆத்த?"

கொல்லையில் சமையல்காரர் திறப்பு விழாவுக்குப் பூந்தி போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் உள்ளே போய் இரண்டு பூந்திக் கரண்டிகளோடு வந்தார். ஒன்று கழுவியது. இன்னொன்றை நான் மூன்று தடவை தேய்த்துக் கழுவவிட்டேன். அந்த நேரத்திலும் என் குணம் போகவில்லை.

மாடித்தட்டுக்குப் போகும் படியின் கீழே பெரிய அண்டா. தொட்டியிலிருந்து வாளியில் முகந்து, படி படியாகக் கை மாற்றி, மேலே நிற்பவரிடம் கொடுப்பது. அவர் மேலிருந்து ஊற்றுவார். நடுப்படியில் இருவர் பூந்திக் கரண்டியை நீட்டிப் பிடிப்பார்கள். தண்ணீர் அதில் மோதி, நூறு துளையில் பிரிந்து, மழையாக அண்டாவில் விழும். அங்கிருந்து முகந்து மறுபடி தொட்டிக்கு. தொட்டியில் ஊற்றும்போதும் உயரத்திலிருந்து, தெறிக்கத் தெறிக்க.

"தெறிக்கட்டும்!" என்று நான் சொன்னதைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

முதல் இரண்டு வாளி பயந்து பயந்து விழுந்தது. மூன்றாவது வாளியைப் பொன்னுத்தாய் வாங்கினாள். சேலையை இழுத்துச் செருகினாள். மாடித்தட்டின் கம்பியில் ஏறி நின்று, தலைக்கு மேல் தூக்கி ஊற்றினாள். பூந்திக் கரண்டி பிடித்திருந்தவர்கள் முழுக்க நனைந்து அலறினார்கள்.

"என்ன ஆத்து இது? இதைக் குடிச்சா சளிதான் புடிக்கும்" என்று மாஸ்டர் மேலே ஏறி வந்தார். ஒரு செம்பை வலக்கையில் உயர்த்தி, இன்னொரு செம்பை இடுப்புக்குக் கீழே பிடித்து, ஒரு கஜம் நீளத்துக்குத் தண்ணீரை இழுத்துக் காட்டினார். பெண்கள் கைதட்டினார்கள்.

"ஏ மாஸ்டரு, இது தொட்டி. செம்பால ஆத்துனா பொங்கலுக்குத்தான் முடியும். நகரும்!" என்றாள் பொன்னுத்தாய்.

அண்ணாச்சி பொறுக்கமாட்டாமல் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் புகுந்தார். தன் மூன்றாவது வாளியில் வழுக்கி, வாளியோடு தரையில் உட்கார்ந்தார். வாளிகள் அந்தந்தப் படியிலேயே நின்றன. அவர் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்து, "எதுக்குலே நிக்கிய? ஊத்துங்கலே!" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. சீக்கிரம் வந்து முத்து மீனைப் பாருங்கள் என்று அவர் போனில் எழுப்பிய நாலு பேரும் அப்போதுதான் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே படிக்கட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒருவர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஆவணி மாதத்துக் கோவில்பட்டியில் வேறு என்ன செய்வார்?

தொட்டித் தண்ணீர் முழுவதும் மூன்று சுற்று ஏறி இறங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பனி போயிற்று. 8.20க்குச் சின்ன மீன்கள் மேல் முத்து இல்லை. 8.35க்குச் செவத்தாவின் வால் சற்று இறங்கியது. 8.50க்கு அவள் படுக்கை மட்டமாக நின்றாள். ஆசாரி ரசமட்டம் வைத்தது போல. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் மை தண்ணீரில் கலைந்து கிடக்கிறது.

9.05க்கு அக்கா வந்தார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைமுதல் கால்வரை சொட்டும் விற்பனைப் பெண்கள். ஈர வேட்டியோடு கணவர். கையில் பூந்திக் கரண்டியோடு ஒரு டீ மாஸ்டர்.

"என்ன, கடையைத் திறக்கியளா, கழுவி வுடுதியளா?"

அண்ணாச்சி எனக்குக் கண் காட்டினார், சொல்லாதே என்று. அந்தக் கண்ணை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன். காலையில் ஒருமுறை இலக்கணத்தில் பேசியதே போதும்.

"அக்கா, தப்பு என்னோடது. நான் தண்ணி ஊத்துன விதத்துல மீனுக்குள்ள காத்து ஏறிருச்சு. செவத்தா தலைகீழா நின்னா. இப்பம் நிமிந்துட்டா. முழுசாத் தேறுவாளான்னு என்னால உறுதி சொல்ல முடியல."

அக்கா நேரே தொட்டியிடம் போனார். கையைத் தொட்டி மேல் நீட்டி வளையலைக் குலுக்கினார். செவத்தா அசையவில்லை. இன்னொரு முறை குலுக்கினார். எனக்குப் பின்னால் பொன்னுத்தாய் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தாள். மூன்றாவது முறை செவத்தா வாலை ஒரு தடவை ஆட்டினாள். பிறகு மெல்ல, கிழவி படியேறுவது போல நின்று நின்று மேலே வந்து வாயைத் திறந்தாள்.

அக்கா குனிந்து பார்த்தார். "ஏன் இப்படி முழிக்குதா?"

"உன் சேலையைப் பாத்துத்தான்" என்றார் அண்ணாச்சி.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விளக்கு இருந்த பக்கம் நடந்தார். என்னைக் கடக்கும்போது மட்டும், "உங்களைப் பெறகு வச்சுக்கிடுதேன்" என்றார். 9.20க்கு விளக்கேற்றினார். பதினொரு மணிக்கு, ராகு காலம் என்றுகூடப் பாராமல், என்னை ஓரமாக அழைத்துச் சொன்னபடியே திட்டினார். அது எழுதும்படியாக இல்லை.

செவத்தா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். நாலு நாளில் கண் உள்ளே போயிற்று. சின்ன மீன்களில் இரண்டு மறுநாள் இறந்தன. அதையும் மறைக்காமல் அண்ணாச்சியிடம் சொன்னேன். பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்தபோது, ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள் அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் இதே போலக் காற்று குமிழியிடும் என்று தெரிந்தது. அன்று செவத்தா முங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஆழமே அவளைத் தேடி வந்தது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதோடு எப்படி மேலே வருகிறது என்றும் கேட்பேன். உயரத்திலிருந்து ஊற்றுவேன். தெறிக்கும். பிறகு துணி எடுத்துத் துடைப்பேன். பல் டாக்டரின் மனைவி என்னைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டார். நீங்களும் தரையைப் பார்த்து வேலை செய்யாதீர்கள். கண் மீன் மேல் இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று எல்லாரும் கூடி நிற்கும்போது நீங்கள் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது பாடம் இல்லை. குறிப்பேட்டில் இருப்பதால் சொல்லுகிறேன்.

அதே வருஷம் மார்கழியில் அக்கா தன் தங்கையின் பிரசவத்துக்காக விளாத்திகுளம் போய்ப் பத்து நாள் இருந்தார். செவத்தாவுக்கு இரை போடும் பொறுப்பு அண்ணாச்சிக்கு. அந்தப் பத்து நாளுக்குள் ஒரு புதன்கிழமை, மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சியைப் பார்த்தேன். மடியில் துண்டு சுற்றிய ஒரு பையைக் கைக்குழந்தை போல வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஜவுளி சாம்பிளு" என்றார்.

பை சொட்டிக்கொண்டிருந்தது.

மாட்டுப் பொங்கலன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கொல்லைக்கு அழைத்துப் போய்ப் பெருமையாகக் காட்டினார். "பாத்தியளா, எப்படித் துருதுருன்னு இருக்கா! நான் ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கா." வளையலைக் குலுக்கினார். மீன் உடனே வந்தது. பசித்த மீன் எந்தச் சத்தத்துக்கும் வரும். நல்ல சிவப்பு. செவுள் மூடி மேல் சுண்ணாம்பு தொட்டது போல ஒரு வெள்ளைப் புள்ளி. இடப்பக்கம்.

என் வியாழக்கிழமைக் குறிப்பில் வலப்பக்கம் என்றிருக்கிறது. அது மீனின் வலமா, எதிரே நின்ற என் வலமா என்று எழுதவில்லை. ஆகவே அது அதே செவத்தாதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத விஷயம். அப்படியே பதிவு செய்கிறேன். சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை. அண்ணாச்சி எனக்குப் பின்னால்தான் கடம்பூர் போளித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் புள்ளியைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பியதும், "ஒண்ணு எடுங்க" என்றார். எடுத்தேன். கேட்க வாயைத் திறந்தேன். "இன்னொண்ணு எடுங்கவே" என்று அவரே என் வாயில் வைத்துவிட்டார்.

வாய் நிறையப் போளி. அக்கா வளையலைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.